அம்மாவின் செய்முறைக் குறிப்பு கையில் இருந்தும் அந்தச் சுவை ஏன் வரவில்லை?

கேள்வி

சிறு வயதில் எனக்குக் காய்ச்சல் கண்ட நாள்களிலும், பள்ளியில் ஏதேனும் மனக்கசப்பு நேர்ந்து நான் யாரிடமும் பேசாமல் மூலையில் அமர்ந்திருந்த மாலைகளிலும், என் அம்மா பருப்பையும் வெங்காயத்தையும் இரண்டொரு காய்களையும் சேர்த்து வேகவைத்து ஒரு சூப் செய்து தருவார். அதற்குத் தனியாகப் பெயர் கிடையாது. விருந்தினர் வந்தால் அதைச் செய்யவும் மாட்டார். அது எங்களுக்காக மட்டுமே செய்யப்பட்ட உணவு.

அம்மா காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் அவருடைய பழைய நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, அந்தச் சூப்பின் செய்முறை அவர் கையெழுத்திலேயே அரைப் பக்க அளவுக்கு இருப்பதைக் கண்டேன். அன்று மாலையே செய்து பார்த்தேன். இதுவரை ஆறு முறை செய்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அளவு பிசகாமல், அவர் எழுதியுள்ள வரிசை மாறாமல் செய்கிறேன். சாப்பிட நன்றாகத்தான் இருக்கிறது. வீட்டில் உள்ளவர்கள் விரும்பி உண்கிறார்கள். ஆனால் நான் தேடுகிற சுவை அதில் இல்லை. அருகில் வருவதுபோல் தோன்றி, இரண்டாவது வாயிலேயே விலகிப் போய்விடுகிறது.

இதில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. என்னைவிட ஒன்பது வயது மூத்த அண்ணனிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது, "புளிப்புச் சேர்த்தாயா?" என்று கேட்டார். அந்தச் சூப்பில் புளிப்பு இருந்ததே இல்லை என்பது என் உறுதியான நினைவு. குறிப்பிலும் இல்லை. அவரோ புளிப்பில்லாமல் அம்மா அதைச் செய்ததே இல்லை என்கிறார்.

பிழை குறிப்பில் உள்ளதா, பொருள்களில் உள்ளதா, என் நாக்கில் உள்ளதா, அல்லது நினைவிலேயே உள்ளதா? ஆறுதல் தேடி இதைக் கேட்கவில்லை. காரணம் புரிந்தால், ஏழாவது முறை செய்வதா வேண்டாமா என்று முடிவு செய்ய உதவியாக இருக்கும்.

பதில் 1

நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சமையல் தொழிலில் இருக்கிறேன். முதலில் குறிப்பைத்தான் சந்தேகிப்பேன். உங்கள் அம்மா தவறாக எழுதியிருப்பார் என்று சொல்லவில்லை. அவர் அதை உங்களுக்காக எழுதவில்லை, தமக்காக எழுதினார் என்பதே என் சந்தேகத்துக்குக் காரணம். தனக்காகக் குறித்துவைக்கும் ஒருவர், மறந்துபோகக்கூடிய அளவுகளை மட்டும் எழுதுவார். அன்றாடம் கை தானாகச் செய்கிற வேலைகள் எதுவும் அந்தத் தாளில் இடம்பெறாது. நீங்கள் தேடும் சுவையில் பெரும்பகுதி அந்த எழுதப்படாத வேலைகளில்தான் இருக்கும்.

ஒரு சான்று சொல்கிறேன். குறிப்பில் "வெங்காயத்தை வதக்கி" என்று மட்டும் இருக்கும் என நினைக்கிறேன். எவ்வளவு நேரம் வதக்கினீர்கள்? வெங்காயத்தில் நீர் இருக்கும்வரை அதன் சூடு நீரின் கொதிநிலையான 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். நீர் வற்றி, மேற்பரப்பின் சூடு ஏறத்தாழ 140 டிகிரியைத் தாண்டும்போதுதான் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் விரைந்து வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும், அதனுடன் நூற்றுக்கணக்கான மணப்பொருள்களையும் உண்டாக்குகின்றன. இந்த வினையை 1912 ஆம் ஆண்டில் விளக்கிய லூயி கமில் மையார் என்பவரின் பெயரால் இது மையார் வினை என்று அழைக்கப்படுகிறது. ஐந்து நிமிடம் வதக்கிய வெங்காயமும் இருபது நிமிடம் வதக்கிய வெங்காயமும் ஒரே பொருள் அல்ல. அம்மா வெங்காயத்தைச் சிறு தீயில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறவராக இருந்திருந்தால், அந்த இடைவெளியும் செய்முறையின் ஒரு பகுதிதான். அதை அவர் எழுதியிருக்க வாய்ப்பே இல்லை.

அடுத்து அளவு. "ஒரு டம்ளர் பருப்பு" என்று இருந்தால், அது எந்த டம்ளர்? இன்று கடையில் கிடைக்கும் அளவுக் கோப்பை 240 அல்லது 250 மில்லிலிட்டர் கொள்ளும். வீட்டில் அளவுக்கென்று பயன்பட்ட பழைய டம்ளர் அதில் பாதியாகக்கூட இருக்கலாம். அவர் பயன்படுத்திய பாத்திரம் எங்கேனும் இருந்தால் அதில் நீர் ஊற்றி அளந்து பாருங்கள். பாத்திரத்தின் அடி கனமானதா மெல்லியதா என்பதையும் கவனியுங்கள். மெல்லிய அடியில் பருப்பு லேசாகப் பிடித்திருக்கும், அந்தத் தீய்ந்த வாசனையைக் குழந்தைகள் குறையாக உணர்வதில்லை.

கடைசியாக ஒன்று. அந்தச் சூப்பை அவர் செய்தவுடன் உங்களுக்குத் தந்தாரா, அல்லது காலையில் செய்ததை மாலையில் சூடாக்கித் தந்தாரா? பருப்புச் சேர்ந்தவை சில மணி நேரம் நின்றால் மேலும் கெட்டிப்படும், உப்பும் மணமும் காய்களுக்குள் இறங்கும். ஆறு முறை செய்தவர் ஒரு முறையாவது மறுநாள் சூடாக்கிச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

பதில் 2

மேலே உள்ளவர் அடுப்பைப் பற்றிச் சொன்னார். நான் மூக்கைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் "நாக்கில் பிழையா" என்று கேட்டிருக்கிறீர்கள். நாக்கு அறியக்கூடியவை இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு ஆகியவற்றோடு, 1908 ஆம் ஆண்டில் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இக்கெடா பெயரிட்ட, காளான், இறைச்சிச் சாறு போன்றவற்றில் உள்ள உமாமி என்னும் சுவையும்தான். மற்றபடி நாம் "சுவை" என்று சொல்வதில் பெரும்பகுதி, மெல்லும்போதும் விழுங்கும்போதும் வாயின் பின்புறத்திலிருந்து மூக்குக்குள் ஏறும் மணம். மனிதரின் மூக்கில் மணத்தை உணரும் புரதங்களான மண ஏற்பிகள் ஏறத்தாழ 400 வகைப்படும். இந்த ஏற்பிகளுக்குரிய மரபணுக் குடும்பத்தை 1991 இல் கண்டறிந்ததற்காகத்தான் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் ஆகிய இருவருக்கும் 2004 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

உங்கள் கேள்விக்கு இது ஏன் முக்கியம் என்றால், பார்வையும் ஒலியும் மூளையின் மேற்புறணிக்குச் செல்லும் வழியில் தலாமஸ் என்னும் பகுதியைக் கடந்தாக வேண்டும். மணச் செய்தி அப்படி அல்ல. மூக்கின் செய்தியை முதலில் வாங்கும் மூளைப் பகுதியான முகர்குமிழிலிருந்து உணர்ச்சிக்குரிய அமிக்டலாவுக்கும், நினைவுக்குரிய ஹிப்போகேம்பஸை ஒட்டிய பகுதிகளுக்கும் மிகக் குறுகிய வழியில் போய்ச் சேர்கிறது. ஒரு மணம் எழுந்தவுடன், அது என்ன என்று பெயர் சொல்வதற்கு முன்பே தொண்டை அடைத்துக்கொள்வது இதனால்தான் என்று கருதப்படுகிறது. முதியவர்களைக் கொண்டு நடத்திய ஓர் ஆய்வு 2006 இல் வெளியானது. சொல்லாலும் படத்தாலும் தூண்டப்பட்ட நினைவுகள் பெரும்பாலும் பதினொன்று முதல் இருபது வயது வரையிலானவையாக இருந்தன. மணத்தால் தூண்டப்பட்டவையோ பத்து வயதுக்கு முந்தியவையாக இருந்தன. உங்கள் சூப்பும் அந்த வயதுக்குரியது.

இதன் தொடக்கம் இன்னும் முந்தையது. ஜூலி மெனெல்லாவும் உடன் பணியாற்றியவர்களும் 2001 இல் வெளியிட்ட ஆய்வில், கருவுற்ற காலத்தின் கடைசி மாதங்களிலோ பாலூட்டும் முதல் மாதங்களிலோ கேரட் சாறு குடித்த தாய்மாரின் குழந்தைகள், கேரட் சேர்த்த உணவை முதன்முதலாக ஊட்டியபோது முகம் சுளித்தது குறைவாக இருந்தது. அம்மாவின் சமையலை நாம் முதலில் உண்டது தட்டிலிருந்து அல்ல என்பதை நினைக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் நெகிழ்கிறது.

இப்போது நாக்குக்கு வருகிறேன். உங்கள் நாக்கு மாறியிருப்பது உறுதி. குழந்தைகள் பெரியவர்களைவிட அதிகமான இனிப்பை விரும்புகிறார்கள், சில கசப்புகளைக் கூடுதலாக உணர்கிறார்கள். வயது ஏறும்போது முகரும் திறனும் படிப்படியாகக் குறைகிறது. ஆகவே ஏழு வயதுக் குழந்தைக்கு இனிப்பாகத் தோன்றிய வெங்காயம் இன்று உங்களுக்கு வெறும் வெங்காயமாக இருக்கக்கூடும். அதே சூப்பை அம்மாவே இன்று செய்து தந்தாலும் நீங்கள் முழுமையாக "இதுதான்" என்று சொல்லியிருப்பீர்களா என்பது எனக்குச் சந்தேகமே.

பதில் 3

எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. மனம் புண்படாது என்று நம்பிச் சொல்கிறேன். நினைவு என்பது பெட்டியில் வைத்து எடுக்கும் பொருள் அல்ல, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது என்று உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட் 1932 ஆம் ஆண்டிலேயே எழுதினார். பின்னர் வந்த ஆய்வுகளும் அதைப் பல வகையில் உறுதிப்படுத்தின. நான்கு ஆண்டுகளாக நீங்கள் அந்தச் சூப்பை மனத்தில் நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். நினைத்த ஒவ்வொரு முறையும் அது சற்றே கூடுதல் சுவை பெற்றிருக்கும். அடுப்பில் செய்யும் எந்தச் சூப்பும் அதனோடு போட்டியிட முடியாது.

மனத்தைத் தேற்றும் உணவு என்று நாம் நம்புவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2014 இல் வெளியான ஓர் ஆய்வில், வருத்தம் தரும் படக் காட்சிகளைப் பார்த்தவர்களில் சிலருக்கு அவர்களுக்கு ஆறுதல் தரும் உணவையும், சிலருக்கு வேறு உணவையும் தந்தார்கள், சிலருக்கு எதுவும் தரவில்லை. சற்று நேரத்தில் எல்லோருடைய மனநிலையும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறியது. தேற்றியது நேரம்தான், உணவு அல்ல. என் அப்பா இறந்த பிறகு நானும் இரண்டு ஆண்டுகள் அவர் செய்து தந்த ஒரு பண்டத்தைத் துரத்தினேன். ஒவ்வொரு தோல்வியும் அவரை மறுபடி இழந்ததுபோல் இருந்தது. நிறுத்திய பிறகே எனக்கு உறக்கம் வந்தது. ஏழாவது முறை வேண்டாம் என்பது என் எண்ணம்.

பதில் 4

சில ஆண்டுகளுக்கு முன் கொரோனா தொற்றுக்குப் பிறகு எட்டு மாதங்கள் எனக்கு மணமே தெரியவில்லை. உப்பும் இனிப்பும் தெரிந்தன. ஆனால் உண்பது எது என்று கண்ணை மூடிக்கொண்டால் சொல்ல முடியாது. அந்த மாதங்களில் எனக்கு மிகவும் வலித்தது சுவையின்மை அல்ல. சிறு வயது நினைவுகளே மெல்ல விலகிப் போவதுபோல் இருந்தது. மணம் திரும்பத் தொடங்கிய வாரத்தில், பக்கத்து வீட்டில் யாரோ வெங்காயம் வதக்கியபோது என் பாட்டியின் சமையலறைத் தரையின் குளிர்ச்சி காலில் பட்டதுபோல் உணர்ந்தேன். எனவே, பதில் 3 எழுதிய நண்பரின் துயரத்தை மதிக்கிறேன் என்றாலும், முகர முடிகிற ஒருவரிடம் துரத்துவதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பதில் 5

பதில் 3 இல் சொல்லப்பட்ட ஆய்வு உண்மையே. ஆனால் அது அளந்தது சில நிமிடங்களின் மனநிலையை. ஜோர்டன் ட்ராய்சி, ஷிரா கேப்ரியல் இருவரும் 2011 இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைப் பார்த்தது: இத்தகைய உணவு, நெருங்கியவர்களோடு இருக்கும் உறவை மனத்தில் எழுப்புகிறது, அந்த உறவில் உறுதியான நம்பிக்கை உள்ளவர்களுக்கு அது தனிமையைக் குறைக்கிறது என்பதே அவர்கள் கண்டது. வருத்தம் குறைவதும் தனிமை குறைவதும் ஒன்றல்ல. இந்தத் திரியில் கேள்வி கேட்டவர் வருத்தத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின்போது, இன்றைய செக் நாட்டில் நாஜிகள் நடத்திய தெரேசின் முகாமில் அடைக்கப்பட்டிருந்த யூதப் பெண்கள், உண்ண உணவே இல்லாத நிலையில், தாங்கள் வீட்டில் சமைத்தவற்றின் செய்முறைகளை நினைவிலிருந்து எழுதிவைத்தார்கள். அவர்களுள் ஒருவரான மீனா பெக்டர் 1944 இல் அங்கேயே இறந்தார். தம் மகளிடம் சேர்க்கும்படி அவர் கொடுத்துச் சென்ற அந்தக் கட்டு, கால் நூற்றாண்டு கழித்தே மகளின் கைக்கு வந்தது. அந்தக் குறிப்புகளில் சில முழுமையற்றவை, சிலவற்றில் ஒரு பொருள் விடுபட்டிருக்கும். அவற்றைப் பயனற்றவை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

உங்கள் அண்ணனின் புளிப்பு விஷயத்துக்கு வருகிறேன், ஏனெனில் இந்தத் திரியில் அதை யாரும் தொடவில்லை. நீங்கள் இருவரும் நினைவில் தவறுகிறீர்கள் என்று எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். இருவரும் சரியாகச் சொல்வதாகவே எனக்குப் படுகிறது. ஒன்பது ஆண்டுகள் நீண்ட காலம். அவருக்கு ஏழு வயதானபோது உங்கள் அம்மா இளம்பெண். அந்தச் சூப்பை அவர் தம் அம்மாவிடம் கற்றபடியே செய்திருப்பார். உங்களுக்கு ஏழு வயதானபோது அவர் அதை ஒன்பது ஆண்டுகள் கூடுதலாகச் செய்து பழகியவர். இடையில் யாருக்கோ புளிப்பு ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கலாம், அல்லது நீங்களே ஒரு நாள் முகம் சுளித்திருக்கலாம். நாம் "அம்மாவின் சமையல்" என்று ஒன்றாகச் சொல்வது ஆண்டுதோறும் மாறிக்கொண்டே வந்த ஒன்று. ஆகவே அந்தக் குறிப்பு எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்று பாருங்கள். நோட்டின் முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் வேறு என்ன எழுதியிருக்கிறது என்பதிலிருந்து அது தெரியக்கூடும்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. பதில்களைப் படித்த பிறகு மூன்று வாரங்கள் எடுத்துக்கொண்டேன். எனவே தாமதமாக எழுதுகிறேன்.

முதலில் டம்ளரைத் தேடினேன். சின்னம்மா வீட்டில் இருந்தது. நீர் ஊற்றி அளந்தபோது 160 மில்லிலிட்டர்தான் கொண்டது. நான் 240 கொள்ளும் கோப்பையில் பருப்பைப் போட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீரை மட்டும் அம்மா லிட்டர் கணக்கில் எழுதியிருந்ததால், என் சூப் ஒவ்வொரு முறையும் அவருடையதைவிட ஒன்றரை மடங்கு பருப்போடு இருந்திருக்கிறது. வெங்காயத்தைப் பற்றிச் சின்னம்மாவிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "உன் அம்மா அதை அடுப்பில் வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விடுவாள்" என்றார். பதில் 1 எழுதிய ஐயாவை இதற்காக மனத்தால் வணங்கினேன்.

ஏழாவது முறை, பருப்பைக் குறைத்து, வெங்காயத்தைச் சிறு தீயில் வைத்துவிட்டு, நானும் துணி மடித்தேன். இருபத்தைந்து நிமிடம் ஆனது. மூடியைத் திறந்தபோது எழுந்த ஆவியில் அது இருந்தது. மிகைப்படுத்தவில்லை, இரண்டு மூச்சு நேரம், காய்ச்சலில் படுத்திருக்கும்போது போர்வைக்குள் வந்து சேருமே, அந்த மணமேதான். வாயில் வைத்தபோது மறுபடி வேறு சூப்பாகிவிட்டது. மணம் வந்தும் சுவை நின்றுபோனதற்கு, பதில் 2 இல் சொல்லப்பட்டதுபோல என் வயதுதான் காரணம் என்று இப்போது ஏற்றுக்கொள்கிறேன். அதனால் ஏமாற்றம் தோன்றவில்லை. குறை என் கையில் மட்டும் இல்லை என்று தெரிந்ததே பெரிய நிம்மதி. பதில் 3 எழுதியவரிடம் ஒன்று மட்டும் சொல்ல விரும்புகிறேன்: நீங்கள் நிறுத்தியது சரியென்றே நினைக்கிறேன், உங்கள் வலி எனக்குப் புரிகிறது. எனக்கு இதில் அம்மாவை மறுபடி இழந்ததுபோல் தோன்றவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்த அந்த இருபத்தைந்து நிமிடமும் அவர் வேலையை நான் பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

நோட்டையும் ஆராய்ந்தேன். சூப் குறிப்புக்கு முந்தைய பக்கத்தில் என் முதல் வகுப்புப் பள்ளிக் கட்டணக் கணக்கு இருக்கிறது. அப்படியென்றால் அது எனக்கு ஆறு வயதானபோது எழுதப்பட்டது, அண்ணனுக்கு அப்போது பதினைந்து. குறிப்பின் கடைசி வரிக்குக் கீழே ஒரு சொல்லை அம்மா அழுத்தி அடித்திருக்கிறார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் "எலுமிச்சை" என்று படிக்க முடிகிறது.

வரும் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வருகிறார். அவருடைய கிண்ணத்தில் மட்டும் பிழிந்து கொடுக்கப் போகிறேன். எதுவும் முன்கூட்டிச் சொல்லப் போவதில்லை.